வைக்கோல் இன்றிச் செங்கல்



சில காலத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து உடுப்புகளைக் களைந்துகொண்டிருந்தபோது, வயதான தாயொருவர் வாசலில் தயங்கி நின்றார். கையிலே ஒரு கடித உறை.

“மகன் முந்தி அனுப்பின காசு, சுவாமி. அந்தோனியாருக்கு ஒரு பூசை ஒப்புக்குடுக்க வேணும். ஆனால் வாங்குவியளோ எண்டு கேட்டுத்தான் தரவேணும்.”

“ஏனம்மா அப்பிடிக் கேக்கிறியள்?”

“அவன் வெளிநாட்டிலை வேலை செய்யிறது சூதாடுற ஹொட்டேலிலை. அவன் ஆடுறேல்லை, சுவாமி, குசினியிலைதான் வேலை. இப்ப ரெண்டு மாதமா எல்லாரும் வேலைநிறுத்தமாம். காசு வரேல்லை. கூடாத இடத்துக்கு வேலைக்குப் போனதுக்குக் கடவுள் தந்த தண்டனையோ எண்டு மனம் கிடந்து அடிக்குது.”

அந்தத் தாயின் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. சூதாட்ட விடுதியில் உழைத்துப் பெற்ற கூலி சுத்தமான கூலியா? அங்கே உழைப்பவன் தன் நியாயத்துக்காக வேலையை நிறுத்தினால் அவன் பக்கம் ஆண்டவர் நிற்பாரா? இவை அந்த ஒரு தாய்க்கு மட்டும் உரிய கேள்விகளல்ல. நம் பிள்ளைகள் பல நாடுகளில் பலவித வேலைகளைச் செய்கிறார்கள். நமது கொழும்பு மாநகரிலும் 2025ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் பெரியதொரு ஹொட்டேலோடு சேர்ந்த கசினோ திறக்கப்பட்டது. ஆகவே இக்கேள்விகளைச் சற்று ஆற அமர்ந்து சிந்திப்பது நமக்கு நன்மை பயக்கும்.

முதற் பேச்சுவார்த்தை

யாத்திராகமத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். மோயீசனும் ஆரோனும் பாரவோனுக்கு முன்னே போய் நிற்கிறார்கள். அவர்கள் முதலிற் கேட்டது என்ன? ஆண்டவருக்குப் பலி செலுத்த வனாந்தரத்தில் மூன்று நாட் பயணம் போய்வர அனுமதி. இன்றைய பேச்சிற் சொன்னால், லீவு கேட்டார்கள். வேதாகமத்தில் தொழிலாளர் சார்பாக எசமானிடம் நடந்த முதற் பேச்சுவார்த்தை இதுவென்று சொன்னாற் பிழையாகாது.

பாரவோன் என்ன செய்தான்? கோரிக்கையைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. இவர்கள் சோம்பேறிகள், வேலை போதாததால்தான் இப்படிப் பேசுகிறார்கள் என்று தீர்ப்புக் கூறினான். அதுவரை களிமண்ணோடு சேர்ப்பதற்கு அரண்மனை கொடுத்துவந்த வைக்கோலை அன்றே நிறுத்தினான். இனி வைக்கோலை அவர்களே போய்ப் பொறுக்கவேண்டும். ஆனால் அறுக்கும் செங்கல்லின் தொகையில் ஒன்றேனும் குறையக்கூடாது. கருவியைப் பறித்துக் கணக்கை மட்டும் கேட்பது எக்காலத்திலும் கெட்ட நிர்வாகத்தின் அடையாளம்.

இன்னும் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். செங்கற் கணக்குக் குறைந்தபோது அடிபட்டவர்கள் யார்? இஸ்ராயேலருக்குள்ளேயே நியமிக்கப்பட்டிருந்த கண்காணிகள். மேலேயுள்ளவன் விட்ட பிழைக்கு இடையில் நிற்பவனின் முதுகில் அடி விழுந்தது. அடிபட்டவர்கள் பாரவோனிடம் முறையிட்டுப் பயனின்றித் திரும்பி வந்து, கோபத்தை யார்மேற் காட்டினார்கள்? மோயீசன்மேலும் ஆரோன்மேலும். உங்களாலேதான் எங்களுக்கு இந்தக் கேடு வந்தது என்றார்கள். பிறருக்காகப் பேசப் போனவன் இரு பக்கத்தாலும் ஏச்சு வாங்குவான். தொழிற்சங்கத்தில் பொறுப்பு வகித்தவர்களுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

ஆனாலும் ஆண்டவர் எங்கே நின்றார்? செங்கல் அறுத்தவர்களின் பக்கத்தில் நின்றார். அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது வேற்று மன்னனின் களஞ்சிய நகர்கள். கட்டிடம் யாருடையது என்று ஆண்டவர் பார்க்கவில்லை. அதைக் கட்டியவர்களின் பெருமூச்சைக் கேட்டார்.

பாலைவன நகரில்

இனி நம் காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே லாஸ் வேகாஸ் என்றொரு நகர் உண்டு. உலகிலே சூதாட்டம் என்றவுடன் எவரும் நினைப்பது அந்நகரைத்தான். அங்கே பெரிய கசினோக்கள் வரிசையாக நிற்கும் வீதிக்கு அருகில் 1963ஆம் ஆண்டில் நம் திருச்சபை ஒரு கோயிலைக் கட்டியது. காவற் சம்மனசு பேராலயம் என்பது அதன் பெயர். காணிக்கைத் தட்டில் காசோடு கசினோவின் சூதாட்ட வில்லைகளும் விழுகிற கோயில் அது. அவற்றைச் சேர்த்தெடுத்து, அந்தந்த விடுதியிற் கொடுத்துக் காசாக்கிக்கொள்வார்கள். அக்கோயிலுக்கு வருகிறவர்களுள் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. அறைகளைக் கூட்டுகிற, பாத்திரம் கழுவுகிற, மேசைக்கு உணவு கொண்டுபோகிற தொழிலாளரும் உண்டு. மெக்சிக்கோவிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் பிழைப்புத் தேடிவந்த கத்தோலிக்கர் அவர்களுள் பலர்.

அந்தக் கோயிலிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்தில் புரொன்ரியர் என்றொரு ஹொட்டேலும் கசினோவும் இருந்தது. 1988இல் எலார்டி என்ற குடும்பத்தினர் அதை வாங்கினர். அடுத்த ஆண்டில் தொழிலாளருடனான ஒப்பந்தம் காலாவதியாயிற்று. அவ்வீதியிலிருந்த ஏனைய பெரிய ஹொட்டேல்கள் தொழிற்சங்கத்தோடு பேசிப் புதிய ஒப்பந்தம் செய்தன. புரொன்ரியர் மட்டும் இணங்கவில்லை. அதற்கு மாறாகச் சம்பளத்திற் கை வைத்தது. ஓய்வூதியத்துக்குச் செலுத்திவந்த பணத்தை நிறுத்தியது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் எங்கும் போய்ச் சேரவில்லை.

1991ஆம் ஆண்டு செப்டெம்பர் 21ஆம் நாள் ஏறக்குறைய 550 தொழிலாளர் வெளியே வந்தனர். அறை சுத்தம் செய்யும் பெண்கள், சமையற்காரர், பரிசாரகர், மதுக்கூடப் பணியாளர், இயந்திரம் பார்ப்போர், தச்சர் எனப் பலர். வாசலில் இரவும் பகலும் முறை வைத்து நின்றார்கள். கோடையில் நிழலிலேயே 40 பாகை செல்சியசைத் தாண்டும் பாலைவன வெயில் அது. ஒரு மாதத்தில் முடியும் என்று பலர் எண்ணியிருக்கக்கூடும். அது 6 ஆண்டும் 4 மாதமும் 10 நாளும் நீடித்தது!

அந்நாட்களில் அவர்களின் குடும்பங்களில் 100க்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. வேலைநிறுத்தம் செய்தோரில் 17 பேர், அதன் முடிவைக் காணாமலே இறந்துபோனார்கள். இத்தனைக்கும் நடுவே அந்த 550 பேரில் ஒருவர்தானும் மறியல் வரிசையைத் தாண்டி வேலைக்குத் திரும்பவில்லை என்பது இன்றும் அந்நகரத்தாரால் வியந்து பேசப்படுகிறது.

அவர்கள் தனித்து விடப்படவுமில்லை. 1992 டிசம்பரில் ஏறக்குறைய 20,000 பேர் அவர்களுக்கு ஆதரவாக அந்த வீதியில் ஊர்வலம் சென்றனர். அந்நாட்களில் குலினறி எனப்படும் அவர்களது பிரதான தொழிற்சங்கத்துக்குத் தலைவியாக இருந்தவர் ஹற்றி கன்ரி என்ற கறுப்பினப் பெண். பத்துப் பிள்ளைகளின் தாய், கணவனை இழந்தவர், ஹொட்டேல் அறைகளைக் கூட்டிப் பெருக்கிப் பிள்ளைகளை வளர்த்தவர். துடைப்பம் பிடித்த கையே சங்கத்தை நடத்தும் கையாகவும் இருந்தது.

ஒன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1993இல் மறியல் வரிசையில் நின்ற சிலருக்கும் சுற்றுலாவுக்கு வந்த தம்பதியர்க்கும் இடையே கைகலப்பு நேர்ந்தது. நீதியான காரணத்துக்காக நிற்பவனும் கோபத்துக்கு அடிமையாகலாம். அப்படி அடிமையாகும்போது அவன் தன் காரணத்துக்கே கேடு செய்கிறான்.

நிர்வாகம் எப்படிப் பேசியது என்பதற்கு நாட்டின் சட்டமே சாட்சி சொன்னது. 1995ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியத் தொழிலுறவுச் சபை, முதலாளி தரப்பினர் நல்லெண்ணத்தோடு பேச்சுவார்த்தை நடத்தவில்லை எனத் தீர்த்தது. பேச்சுவார்த்தைக்காகச் சங்கம் செலவழித்த பணத்தையும் முதலாளியே கொடுக்கவேண்டும் எனக் கட்டளையிட்டது. 1997இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அச்செலவைக் கொடுக்கவேண்டும் என்பதை உறுதிசெய்தது. அந்த ஹொட்டேலை நடத்திய கம்பனியின் சட்டபூர்வமான பெயர் என்ன தெரியுமா? அன்பிலீவபிள். ‘நம்பமுடியாதது’ என்று பொருள்! உடன்படுவதில்லை என்று உள்ளத்தில் முடிவெடுத்துக்கொண்டு மேசைக்கு முன்னே உட்காருகிறவனின் வார்த்தைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஈற்றில் எலார்டி குடும்பத்தினர் ஹொட்டேலை விற்றார்கள். வாங்கியவர் பில் றபின் என்ற வர்த்தகர். அவர் சங்கத்தோடு பேசி இணங்கினார். 1998 பெப்ரவரி 1ஆம் நாள் அவர் பொறுப்பேற்றபோது, நிறுத்தியவர்கள் தலைநிமிர்ந்து வாசலால் உள்ளே போனார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேலாக முடியாது என்று சொல்லப்பட்ட காரியம், பேச மனமுள்ள ஒருவர் வந்தவுடன் முடிந்துபோயிற்று. அப்படியானால் இத்தனை ஆண்டு துன்பத்துக்கும் காரணம் பணமில்லாமையா, மனமில்லாமையா?

அந்தக் கட்டிடம் இன்று இல்லை. 2007ஆம் ஆண்டு நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எந்தச் சுவருக்காகச் சிலர் ஏழைகளின் வயிற்றில் அடித்தார்களோ, அந்தச் சுவர் ஒரு நிமிடம்தானும் தாங்கவில்லை.

எல்லாம் நன்றாக முடிவதில்லை

எல்லாப் போராட்டமும் இப்படி வெற்றியில் முடியும் என்று சொல்வது உண்மையாகாது. நமக்கு அண்மையிலுள்ள கம்போடியாவைப் பாருங்கள். தலைநகர் நொம்பென்னிலுள்ள நாகா வேர்ல்ட் என்ற பெரிய கசினோவில், கொரோனா நோய்க் காலத்தில், 2021 ஏப்ரல் மாதம் 1,329 தொழிலாளரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக அறிவித்தார்கள். தொழிற்சங்கத்தின் முறைப்பாடு பயனளிக்காதபோது, அவ்வாண்டு டிசம்பரில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. வீதியில் நின்றவர்களிற் பெரும்பாலோர் பெண்கள். அவர்களை பஸ்களில் ஏற்றி நகரின் புறத்தே கொண்டுபோய் விட்டார்கள். சங்கத் தலைவியான சிம் சித்தார் கைது செய்யப்பட்டார். 2023 மே மாதம் இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். 2024 செப்டெம்பரில்தான் வெளியே வந்தார். வேலை திரும்பக் கிடைக்கும் என்று நின்றவர்களிற் பலர் காலப்போக்கில் கிடைத்த இழப்பீட்டை வாங்கிக்கொண்டு விலகினார்கள். அடுப்பெரிய வேண்டுமே! அவர்களைக் கோழைகள் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.

மறுபக்கத்தில், காலத்தோடு பேசினால் என்ன நடக்கும் என்பதையும் லாஸ் வேகாஸ் காட்டியிருக்கிறது. 2023 நவம்பரில் ஏறக்குறைய 35,000 தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்கு நாட்குறித்து நின்றபோது, மூன்று பெரிய கம்பனிகளும் குறித்த நேரத்துக்கு முன்பே ஒவ்வொன்றாக உடன்பட்டன. ஒருவரும் வீதிக்கு வரவேண்டியிருக்கவில்லை. மறு ஆண்டு நவம்பரில் அதே நகரில் இன்னொரு விடுதியில் இணக்கம் ஏற்படாமல், 700 தொழிலாளர் 69 நாட்கள் வீதியில் நின்ற பின்பே ஒப்பந்தம் கைகூடிற்று. அவர்களின் நத்தாரும் புத்தாண்டும் மறியல் வரிசையிலேயே கழிந்தன.

திருச்சபை என்ன சொல்கிறது?

இப்போது அந்தத் தாயின் முதற் கேள்விக்கு வருவோம். சூதாட்டம் நல்லதா? திருச்சபையின் மறைக்கல்வி இதில் தெளிவாகப் பேசுகிறது. அதிர்ஷ்ட விளையாட்டு தன்னளவில் அநீதியன்று. ஆனால் ஒருவன் தனக்கும் தன்னைச் சார்ந்தோருக்கும் அவசியமானதை அதில் இழக்கும்போது அது பாவமாகிறது. அந்த வெறி மனிதனை அடிமையாக்கும் ஆபத்தும் உண்டு. வீட்டை அடைவு வைத்து ஆடியவனின் மனைவியின் கண்ணீரைக் கண்டவர்கள் இதை மறுக்கமாட்டார்கள். இதில் நாம் ஒரு சொல்லும் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் சமைத்தவன் செய்தது சமையல். கூட்டியவள் செய்தது கூட்டல். பசித்தவனுக்குச் சோறும் களைத்தவனுக்குச் சுத்தமான கட்டிலும் எந்தக் கூரையின்கீழ்க் கொடுக்கப்பட்டாலும் அது நேர்மையான உழைப்பே. சூதாட்டத்தின் இலாபம் மேலே போகிறது; அதன் பழியை மட்டும் பாத்திரம் கழுவுகிறவனின் தலையிற் சுமத்துவது நீதியல்ல. நம்மிற் சிலர் அத்தகைய விடுதியில் விருந்துண்ணும்போது பெருமையாகப் படமெடுத்துக்கொள்கிறோம். அந்த விருந்தைச் சமைத்தவன் சம்பளம் கேட்டால் மட்டும் ‘சூதாட்டக்காசு’ என்று முகம் சுளிக்கிறோம். இது என்ன நியாயம்?

இரண்டாவது கேள்வி வேலைநிறுத்தம் பற்றியது. 1891 மே 15ஆம் நாள் பாப்பரசர் 13ம் சிங்கராயர் ‘றேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளர் சங்கம் அமைப்பது அவர்களின் இயல்பான உரிமை என்றார். வறுமையின் நெருக்குதலால் ஒருவன் குறைந்த கூலிக்குச் சம்மதித்தாலும், அந்தச் சம்மதம் எசமானை நீதியின் கடனிலிருந்து விடுவிக்காது என்றும் போதித்தார். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், முதலில் நேர்மையான பேச்சுவார்த்தை, அது பயனளிக்காதபோது இறுதி வழியாக வேலைநிறுத்தம் என்று வகுத்துக் கூறியது. 1981இல் பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர், மூலதனத்துக்கு முன்பாக உழைப்பே முதலிடம் பெறவேண்டும் என வற்புறுத்தினார். 2025 மே மாதத்தில் தெரிவான புதிய பாப்பரசரும், 13ம் சிங்கராயரின் அந்தச் சுற்றுமடலை நினைவுகூர்ந்தே 14ம் சிங்கராயர் என்ற பெயரைத் தாம் தெரிந்துகொண்டதாகக் கர்தினால்மாருக்குக் கூறினார். ஆகவே நியாயமான கூலி கேட்பவன் திருச்சபைக்குப் புறம்பானவன் அல்லன். கொடாமல் நிறுத்தி வைத்த கூலியே ஆண்டவரின் செவிக்கு எட்டக் கூக்குரலிடும் என்று புனித யாகப்பர் தம் நிருபத்தில் எச்சரிக்கவில்லையா?

பதில் சொன்ன எசமான்

யேசுபிரான் சொன்ன திராட்சைத் தோட்டத்து உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த எசமான் தன் வேலையாட்களை நடத்திய விதத்தைக் கவனித்திருக்கிறோமா? ஆள் பிடிக்க அவர் கண்காணியை அனுப்பவில்லை; தாமே சந்தைக்குப் போனார், ஒரு நாளில் ஐந்து முறை. காலையில் வந்தோரோடு கூலியைப் பேசி முடிவு செய்தார். பேசியபடி ஒரு தெனாரியம் கொடுத்தார். நாள் சாய்ந்த பின்பு கூலியைப் பிந்தவிடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சிலர் முணுமுணுத்தபோது அவர்களைத் துரத்தாமல் நின்று பதில் சொன்னார். முணுமுணுத்தவனை நண்பனே என்று அழைத்தார். பாரவோன் சோம்பேறி என்றான். இவர் நண்பன் என்றார். நல்ல நிர்வாகத்துக்கும் கெட்ட நிர்வாகத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான்.

அன்பானவர்களே, இது லாஸ் வேகாசுக்கும் நொம்பென்னுக்கும் மட்டும் உரிய பாடமா? நம்மிற் கடை வைத்திருப்போர் உண்டு. வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருப்போர் உண்டு. தோட்டத்திற் கூலிக்கு ஆள் பிடிப்போரும், வள்ளத்தில் ஆட்களை ஏற்றித் தொழிலுக்கு அனுப்பும் சம்மாட்டிமாரும் உண்டு. சம்பளம் கூட்டிக் கேட்ட கடைப் பையனுக்கு ‘தைப்பொங்கல் போகட்டும், சித்திரை வரட்டும்’ என்று தவணை சொல்லி எத்தனை வருடம் கடத்தியிருக்கிறோம்? அதுவும் முடங்கிய பேச்சுவார்த்தைதான். வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணிடம் விளக்குமாறு தேய்ந்துபோனதைக் கேளாமல், முற்றத்தில் சருகு கிடக்கிறதென்று ஏசினால், அதுவும் வைக்கோல் இன்றிச் செங்கல் கேட்பதுதான். திருப்பலிக்கு வருமுன் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

உழைப்போருக்கும் ஒரு சொல். உரிமையைக் கேளுங்கள், கடமையைக் குறைக்காதீர்கள். கோபப்படுங்கள், கை ஓங்காதீர்கள். உங்களுக்காகப் பேசப் போனவனை, காரியம் பிந்தும்போது முதலிற் கைவிடாதீர்கள். மோயீசன் அழுத கண்ணீர் உங்கள் சங்கக் காரியதரிசிக்கும் உண்டு.

அந்தத் தாய்க்கு அன்று சொன்னது இதுதான்: “இது தண்டனையில்லை, அம்மா. உங்கட மகன் வேர்வை சிந்தி உழைச்ச காசு. பீடத்துக்கு முன்னாலை வைக்கலாம். அவனோடை வீதியிலை நிக்கிற எல்லாருக்குமாய்ச் சேர்த்து இந்தப் பூசையை ஒப்புக்குடுப்பம்.”

அவர் சற்று யோசித்தார். பிறகு கேட்டார்: “அந்த முதலாளிமாருக்கும் சேர்த்து ஒப்புக்குடுக்கலாமோ, சுவாமி? அவையளின்ரை மனம் இளகினால்தானே முடியும்.”

நமக்கு அது தோன்றவில்லை. அந்தத் தாய்க்குத் தோன்றியது. அப்படியே அந்தப் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது.

தச்சுப்பட்டறையிலே கூலிக்கு உழைத்துத் திருக்குடும்பத்தைக் காத்த புனித சூசையப்பர், உழைக்கிற எல்லாருக்காகவும் உழைப்பிக்கிற எல்லாருக்காகவும் ஆண்டவரிடம் மன்றாடுவாராக. ஆமென்.